பயப்படாதவள் மாதிரி நான் இருந்த நான்கு நாள்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டில் இருக்கும் உருது பேசும் காலாம்மா, எங்களுக்குத் தைப்பதற்கு ஷூ பீஸ் கொண்டுவந்து தரும் ஏஜென்ட் அண்ணன், அவரோடு வந்த லோடு ஆட்டோ டிரைவர். டிரைவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. இவ்வளவு கணக்காக ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு யார் யார் இருந்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று பிறகு நிறையப் பேர் என்னை வந்து கேட்டார்கள். அவர்களிடம் நான் சொன்னதில் ஒரு பொய் கலந்திருந்தது. இந்த முறையாவது முதலிலிருந்து சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

இடம் ஆம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றரை இருக்கும். எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த வாரம் அது. தேதி போட்டால் யாருடைய கதை என்று தெரிந்துவிடும், அதனால் போடவில்லை. அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் மட்டும் போடாதே என்று சொல்லியிருக்கிறார்.

நான் எட்டாவதோடு நின்றவள். சின்ன வயதிலிருந்தே எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வர பத்து நிமிஷம் தாமதமானால் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவேன். தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இது கேலி. அக்காவுக்கு ரொம்பவே கேலி. இடி இடித்தால் போதும், "தோ, நம்ம வூட்டு ரேடியோ ஆரம்பிச்சிடுச்சி" என்பார்.

அக்கா என்று நான் சொல்வது என் கூடப் பிறந்தவரை அல்ல. பத்து வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து வீடு. புருஷன் இல்லாமல் ஒரே மகனை வளர்த்தவர். நாங்கள் இரண்டு பேரும் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்போம். கம்பெனியில் ஓட்டை போட்டு அனுப்புவார்கள். மெழுகு நூல், இரண்டு ஊசி. ஒரே ஓட்டையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று விட்டு, இரண்டு கையாலும் இழுத்து இறுக்க வேண்டும். முனையை வளைக்கும்போது நடுவில் கையை விட்டால் நூல் தளர்ந்து தோல் சுருங்கிவிடும். அப்படிப் போனால் ரிஜெக்ட். அந்த ஜோடிக்குக் கூலி கிடையாது.

அக்காவின் மகன் என்னைச் சித்தி என்று கூப்பிடுவான். பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடம் தோல் ஷாப்பில் வேலை செய்தான். விடியற்காலையில் ஹைவே ஓரமாக ஓடிவிட்டு வந்து வேலைக்குக் கிளம்புவான். மிலிட்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று இரண்டு தடவை போனான். முதல் தடவை மார்பளவு போதவில்லை. இரண்டாம் தடவை ஓட்டத்தில் கொஞ்சத்தில் போயிற்று. மூன்றாம் தடவை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அக்கா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார். நான் அதை வாயில் போட்டுக்கொண்டே அழுதேன். "ஏய், அவன் செத்தா போய்ட்டான்? வேலைக்குப் போறான்டி" என்று அக்கா திட்டினார்.

அவன் தைரியசாலி என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். அவனுக்குத் தெரு நாய் என்றால் பயம். லீவில் வரும்போது காலை ரயிலில் இறங்கி, தெருமுனையில் நின்று எனக்குப் போன் பண்ணுவான். நான் குச்சி எடுத்துக்கொண்டு போய் அவனைக் கூட்டிக்கொண்டு வருவேன். துப்பாக்கி பிடிக்கிறவன் நாய்க்குப் பயப்படுகிறாயே என்று ஒரு நாள் கேட்டேன்.

"வெடிச்சா ஓடிரும் சித்தி. நம்ம தெருவுல வெடிக்க முடியுமா, சொல்லுங்க?"

எனக்குச் சமமாகப் பயப்பட ஒரு ஆள் கிடைத்த மாதிரி அன்றைக்கு எனக்கு ஒரு சந்தோஷம்.

அக்காவிடம் இருந்தது பட்டன் போன். அதில் சார்ஜ் இருந்தால் காசு இருக்காது, காசு இருந்தால் சார்ஜ் இருக்காது. அவருக்கு எழுத்தும் நம்பரும் தெரியாது. அதனால் அவன் தன் யூனிட்டில் எழுதிக் கொடுத்தது என் நம்பர். எட்டாவது படித்திருக்கிறேன் அல்லவா, தெருப் பெண்களில் நான்தான் படித்தவள். அவன் அதைச் சொன்ன நாளிலிருந்து, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் போன் பண்ணினான். லீவு ரத்தாகிவிட்டதாம். மேலே போகச் சொல்லியிருக்கிறார்களாம். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். அதையெல்லாம் சொல்லக் கூடாது என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அம்மாகிட்ட இத சொல்லாதீங்க சித்தி. ட்ரெய்னிங்ல இருக்கேன்னு சொல்லுங்க. அவங்களுக்கு பிபி. டிவில எதனா பாத்துட்டாங்கன்னா பேஜாராயிடும்."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்.

மறுநாளே டிவியில் சண்டை, சண்டை என்று சிவப்பு எழுத்தில் ஓட ஆரம்பித்தது. அக்கா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, அவர் வீட்டு டிவிப் பெட்டிக்குப் பின்னால் கேபிள் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தேன். அக்கா வந்து போட்டுப் பார்த்தார், வரவில்லை. கேபிள்காரனைத் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். ஆனால் தெருவின் வாயை அடைக்க முடியுமா? செவ்வாய்க்கிழமை பீஸ் தைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கியோ சண்டையாமே. நம்ம புள்ள அந்தப் பக்கம் இல்லியே?"

இல்லை அக்கா, அவன் ட்ரெய்னிங்கில் இருக்கிறான், என்னிடம்தான் சொன்னான் என்றேன். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் குனிந்து நூலை இழுத்து இறுக்கினேன். பிறகு சிரித்துவிட்டு ஊசியை எடுத்தார்.

"பல்லிக்கு பயப்படறவ நீயே சும்மா குந்திக்கினு இருக்க. அப்போ ஒண்ணும் இல்ல."

அந்த வார்த்தை என்னை என்ன பாடு படுத்தியது என்று சொல்ல முடியாது. என் முகத்தைப் பார்த்துத்தான் அக்கா தன் மகன் நன்றாக இருக்கிறான் என்று நம்புகிறார். நான் கொஞ்சம் கலங்கினால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும். அன்றிலிருந்து என் முகத்தை நானே காவல் காத்தேன். சிரித்தேன், சீரியல் கதை பேசினேன். மறுநாள் நிஜமாகவே பல்லி விழுந்தபோதுகூடக் கத்தவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செய்தி பார்ப்பேன். சத்தத்தை மூடிவிட்டு எழுத்தை மட்டும் படிப்பேன். சோறு இறங்காது. வீட்டுக்காரர், அந்தம்மாவிடம் சொல்லித் தொலையேன் என்றார். சொன்னால் அந்தம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நான் அதற்கும் பயந்தேன்.

வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கு சாயங்காலம் கன்டெய்னர் கிளம்புகிறது, மீதிப் பீஸ் உடனே வேண்டும் என்று ஏஜென்ட் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டார். என்னுடையது முடிந்துவிட்டது. அக்காவிடம் கடைசி ஜோடி. அதிலும் முனை வளைப்பு. காலாம்மா மிளகாய் கேட்க வந்தவர், வேடிக்கை பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இன்ஜினை அணைக்காமல் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

எடுக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அக்கா பார்க்கிறாரே என்று எடுத்தேன்.

"சித்தி, நான்தான்."

உயிர் வந்தது எனக்கு. யாருடைய போனிலிருந்தோ பேசினான். குரல் விட்டு விட்டு வந்தது. பின்னால் ஏதோ வண்டியின் உறுமல், யாரோ இந்தியில் கத்துகிறார்கள். அம்மா பக்கத்தில் இருக்கிறாங்களா என்று கேட்டான். நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அக்கா, பையன் பேசுகிறான் என்றேன்.

அக்கா நிமிரவில்லை. இரண்டு கையிலும் நூல் இழுத்த நிலையில் இருக்கிறது. "ட்ரெய்னிங்ல குந்தவச்சி சோறு போடறாங்க, தொரைக்கு பொழுது போகல போல. கை வேலையா இருக்கு, சாயங்காலம் பண்ணச் சொல்லு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஏஜென்ட் அண்ணனும் சிரித்தார். காலாம்மாவும் சிரித்தார்.

அது அவனுக்குக் கேட்டுவிட்டது.

"சரி சரி, விடுங்க சித்தி. வேலைய முடிக்கட்டும்."

பிறகு வண்டிச் சத்தம் மட்டும் வந்தது. பேசி முடித்துவிட்டான் என்று நினைத்தேன்.

"அம்மா சிரிக்கிறாங்களா?"

ஆமாடா என்றேன். சரி என்றான். அவ்வளவுதான்.

நான் என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு அப்போதே தெரியும். இரண்டு அடி எடுத்து வைத்து அந்தப் போனை அக்காவின் காதில் வைத்திருக்கலாம். ஸ்பீக்கரில் போட்டிருக்கலாம். பீஸ் கெட்டால் கெடட்டும், பேசுங்கள் அக்கா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வண்டிச் சத்தத்தைக் கேட்டால் அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிடும், நான் நான்கு நாளாகப் பொய் சொன்னதும் தெரிந்துவிடும் என்று பயந்தேன். எங்கே இருக்கிறான் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தால் அந்த ஷூவைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்திருப்பார். தெரியாததால் சிரித்தார். ஏஜென்ட் அண்ணன் பீஸை எண்ணி எடுத்துக்கொண்டு போனார். அக்கா விரலில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டே, சாயங்காலம் பண்ணினால் கட்டாயம் கொடு என்றார்.

சாயங்காலம் போன் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தது. வேறு நம்பர். இந்தியில் ஒரு ஆண் குரல், ரொம்ப மெதுவாக. அவன் பேர் மட்டும் எனக்குப் புரிந்தது. நான் செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடிப் போனை காலாம்மாவிடம் கொடுத்தேன். அவர் காதில் வைத்துக் கேட்டார். ஜீ, ஜீ என்றார். பிறகு அவர் உதடு எதையோ ஓதியது. சாவு விழுந்த வீட்டில் அவர்கள் ஓதுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வியாழக்கிழமை ராத்திரி அவன் இருந்த இடத்தில் குண்டு விழுந்ததாம்.

இனி அக்காவிடம் சொல்ல வேண்டும். காலாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு பேரும் போவோம் என்றார். நான் போகாமல் காலாம்மா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே அக்கா தன் வீட்டு வாசலில் புதுப் பீஸ்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, இன்னாடி அங்கே என்று கேட்டார். நான் சும்மா என்று கையை ஆட்டினேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. தெருமுனையில் ஜீப் திரும்பியது. பின்னால் இன்னொரு கார். தாசில்தார் ஆபீஸ் ஆட்கள், போலீஸ், எங்கள் ஊர் வி.ஏ.ஓ.

அக்கா ஜீப்பைப் பார்த்தார். யார் வூட்டுக்கு வர்றாங்க என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது தன் வீட்டு முன்னால் நின்றது. இறங்கிய போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களைத் தாண்டி, தெருவுக்கு இந்தப் பக்கம் இருந்த என் முகத்தைத் தேடினார்.

நான் சிரிக்கப் பார்த்தேன். கடவுள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அப்போதும் சிரிக்கத்தான் பார்த்தேன். முகம் சொன்னபடி கேட்கவில்லை. வாய் கோணிக்கொண்டது. அதிகாரிகள் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் அக்கா தரையில் சரிந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கொண்டுவந்தார்கள். ஹைவேயில் லாரிகள் ஓரங்கட்டி நின்றன. கம்பெனி வேனில் போகிற பெண்கள் இறங்கி வரிசையாக நின்றார்கள். பெட்டியின் மேல் கொடி. ஏரிக்கரை மைதானத்தில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கி வெடித்தார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். எங்கள் தெரு நாய்கள் எல்லாம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடின.

அன்றைக்குத்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். பத்திரிகைக்காரர் ஒருவர், கடைசியாக அவர் பேசியது உங்களிடம்தானாமே, என்ன சொன்னார் என்று கேட்டார். சுற்றி அவ்வளவு பேர். அக்கா கண்ணைத் திறக்காமல் சுவரில் சாய்ந்திருக்கிறார். அம்மா சிரிக்கிறாங்களா என்று கேட்டான் என்று எப்படிச் சொல்வது? ஏன் அம்மாவிடம் கொடுக்கவில்லை என்று அடுத்த கேள்வி வருமே. "நாட்டைக் காக்கப் போகிறேன், அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னான்" என்றேன். சொன்னது என் வாய்தானா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் பேப்பரில் வந்தது. மூன்றாம் நாள் பஸ் ஸ்டாப்பில் பெரிய ஃபிளெக்ஸ். அவன் போட்டோவுக்குக் கீழே நான் சொன்ன அந்த வரி. அக்கா பேப்பர் துண்டை லேமினேஷன் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். தனக்குப் படிக்கத் தெரியாததால் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். நான் படிப்பேன். ஏஜென்ட் அண்ணன் ஏதாவது உளறிவிடுவாரோ, காலாம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்குமோ என்று ராத்திரி பகல் அதே நினைப்பு. பஸ் ஸ்டாப் பக்கம் போவதை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் கடைக்குப் போனேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் என்னால் தாங்க முடியவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னது, நான் கேபிளைப் பிடுங்கியது, வண்டிச் சத்தம், ஃபிளெக்ஸில் இருப்பது அவன் வார்த்தை இல்லை என்பது, எல்லாம். அக்கா கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சிக்கினுதான் சிரிச்சியா என்கூட?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. தையலுக்கு அடுத்த தெருவுக்குப் போய் உட்கார்ந்தார். எனக்கு இந்தப் பக்கச் சுவரில் காதை வைத்துக் கேட்பதே வேலை. பாத்திரச் சத்தம் வந்தால் நிம்மதி. வராவிட்டால் காலாம்மாவை அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம் அவராகவே வந்தார். பீஸ் எதுவும் கொண்டுவரவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு அவன் பேசியதை ஒன்று விடாமல் சொல் என்றார். சொன்னேன். இன்னொரு தடவை சொல் என்றார். சொன்னேன். சிரித்தது அவனுக்குக் கேட்டதா என்று கேட்டார். கேட்டது அக்கா, அதனால்தான் அம்மா சிரிக்கிறாங்களா என்றான் என்றேன். வேறு ஒன்றுமே சொல்லவில்லையா என்றார். இல்லை என்று சொல்வதற்கு எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சேர்த்தால் அவர் முகம் கொஞ்சம் தெளியும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இல்லை அக்கா என்றேன்.

"ஊருக்கு அது இருக்கட்டும். எனக்கு இருக்கறத மட்டும் சொல்லு."

ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுத்துக் கிழிந்துவிட்டது. பேப்பர் துண்டு இன்னும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை என்னிடம் யாரும் படிக்கச் சொல்வதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது அக்கா வருகிறார். நான் அதே நாலு வரியைச் சொல்கிறேன். அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கப் பயமாக இருக்கிறது. பயம் என்னை விட்டுப் போகவில்லை, இனியும் போகாது. அதன் பேச்சைக் கேட்டு, பெற்றவளிடமிருந்து எதையும் மறைக்க மாட்டேன் என்பது மட்டும்தான் எனக்கு மிஞ்சிய தைரியம். அந்தப் போனில் எவ்வளவு நேரம் பேசினோம் என்று என் செல்லில் இன்னும் இருக்கிறது. ஒரு தாய்க்குச் சேர வேண்டியதை என் கையில் வாங்கி வைத்துக்கொண்டேன். நான் எத்தனை தடவை சொன்னாலும் அக்காவுக்கு நான் தர வேண்டிய பாக்கி அப்படியேதான் நிற்கிறது, நாற்பத்தெட்டு நொடி.